ஆதரவற்ற குழந்தைகளும் தமிழகத்தின் தொண்டு இல்லங்களும்

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போகும் பாதை நெடுக மராட்டிய அரசர்கள் சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். வழிப்போக்கருக்குச் சோறு போடுவது அவற்றின் முதல் வேலை. அங்கே வந்துசேரும் நாதியற்ற பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அவற்றுக்கு இருந்தது. 1801-இல் இரண்டாம் சரபோஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டாரினுக்கு எழுதிய கடிதத்தில் இதன் விவரம் இருக்கிறது. பிள்ளைகள் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்ப்பு, நோய் வந்தால் மருந்து, உடுக்கத் துணி. எந்தக் கல்வியில் பிள்ளைக்கு விருப்பமோ அதில் பயிற்சி. அது முடிந்தபின் கல்யாணச் செலவும் சத்திரத்துடையதே. சத்திரங்களுக்கு விடப்பட்ட கிராமங்களின் வருமானத்தைக் கம்பெனி பறித்துவிடக் கூடாது என்ற கவலையோடு எழுதப்பட்ட கடிதம் அது. ஆகவே வர்ணனையில் கொஞ்சம் மெருகு கூடியிருக்கலாம். இருந்தாலும் ஓர் அரசர் எதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டதையும், கல்யாணம் வரை கூட நின்றதையும் அவர் சொல்கிறார். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் தோன்றிய இல்லங்கள் பலவற்றில் இந்த இரண்டுமே இல்லை.

சத்திரம் விதிவிலக்குதான். பெற்றோரை இழந்த பிள்ளை பொதுவாகத் தாய்மாமன் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வளர்ந்தது. அங்கே சோறும் கிடைத்தது, குத்தலும் கிடைத்தது. உறவு கைவிட்ட பிள்ளைக்கும், பிறப்பைக் காரணம் காட்டி ஊர் ஒதுக்கிய பிள்ளைக்கும்தான் தனி இல்லம் தேவைப்பட்டது. இந்த இல்லங்களின் வரலாற்றில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. ஏற்கெனவே இருந்த இல்லங்களில் இடமில்லாத பிள்ளைகளுக்காகவே பெரும்பாலும் அடுத்த இல்லம் திறந்தது. திறந்தவர்களில் அநேகர் சம்பளம் வாங்காமல் வேலை செய்ய முன்வந்த தனி மனிதர்கள். சட்டமும் மானியமும் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தன.

சென்னையில் 1787-இல் ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்பெல்லின் மனைவி முன்னின்று பெண் குழந்தைகளுக்கான அநாதை விடுதியை ஏற்படுத்தினார். ஆண் பிள்ளைகளுக்கான ராணுவ அநாதை விடுதி 1789-இல் எழும்பூரில் தொடங்கியது. அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனிச் சிப்பாய்களான வெள்ளையருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். தகப்பன் போரிலோ காய்ச்சலிலோ செத்திருப்பான், அல்லது கப்பலேறிப் போயிருப்பான். தமிழ்க் குழந்தைகளுக்கு அந்த விடுதிகளில் இடமில்லை. சேர்ந்த பிள்ளைகளும் எல்லோரும் அநாதைகள் அல்லர். பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். தாயின் பழக்கவழக்கங்கள் பிள்ளைக்கு ஒட்டிவிடாமல் பிரித்து வளர்ப்பது விடுதியின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று.

ஆண்கள் விடுதியின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை. ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதே முறையைத் தன் விடுதியில் நடத்தச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். பையன் வெற்றிகரமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டான். மூத்த மாணவன் இளையவனுக்குப் பாடம் சொல்வது சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழ்க் கிராமங்களுக்குப் புதிதல்ல. ஆனால் பெல் 1797-இல் லண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். எழும்பூர் விடுதியின் பிள்ளைகளுக்கு அந்தப் புகழில் பங்கு ஏதும் வரவில்லை.

தமிழ்க் குழந்தைகளைப் பெருமளவில் இல்லங்களுக்குக் கொண்டுவந்தது 1876–78-இன் தாது வருஷப் பஞ்சம். கஞ்சித் தொட்டிகளிலும் சாலையோரங்களிலும் தனியே விடப்பட்ட பிள்ளைகளைக் கிறிஸ்தவ மிஷன்கள் சேர்த்துக்கொண்டன. திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் கேனன் மர்காசிஸ் 1878-இல் தொடங்கிய தொழிற்பள்ளி இந்தச் சூழலில் பிறந்தது. அது போன்ற இடங்களில் பையன்கள் தச்சும் தையலும் கற்றார்கள். தென்தமிழகத்து மிஷன் விடுதிகளில் பெண்கள் கற்ற லேஸ் பின்னல் வெளிநாட்டுச் சந்தை வரைக்கும் போனது. கைத்தொழிலோடு வெளியே வந்த பிள்ளை யாரையும் அண்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் சோற்றோடு மதமும் வந்தது. கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்ற பேச்சை அந்தப் பிள்ளைகள் வெகுகாலம் சுமந்தார்கள். அரசாங்கம் தன் பங்குக்குச் செய்தது குறைவு: 1887-இல் செங்கல்பட்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளியைத் திறந்தது. குற்றம் செய்த பிள்ளைக்குத்தான் அங்கே இடம். பட்டினி கிடக்கும் பிள்ளை ஏதாவது திருடினால் ஒழிய அரசின் கண்ணில் படவில்லை.

மதம் மாறாமல் தங்கிப் படிக்க ஏழைப் பையன்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் 1905-இல் மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மாணவர் இல்லம் தோன்றியது. சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் தூண்டுதலில், சி. ராமசாமி ஐயங்காரும் சி. ராமானுஜாச்சாரியாரும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுவர்களை வைத்து அதைத் தொடங்கினார்கள். ராமானுஜாச்சாரியார் அரசுச் செயலகத்தில் வேலை பார்த்தவர். அலுவலக நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இல்லத்துக்கு. ‘செக்ரடேரியட் பார்ட்டி’ என்ற பெயரில் குமாஸ்தாக்கள் நடத்திய நாடகங்களின் வசூல் இல்லத்துக்குப் போனது. மாதச் சம்பளக்காரர்கள் ஒத்திகை பார்த்து, வேஷம் கட்டி, டிக்கெட் விற்றுப் பிள்ளைகளுக்கு அரிசி வாங்கிய இந்த ஏற்பாடு, ராஜாக்களையும் ஜமீன்தார்களையும் மட்டுமே நம்பியிருந்த தருமத்தை நடுத்தர வர்க்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது. இல்லத்தின் சொந்தக் கட்டடத்தை 1921-இல் சுவாமி பிரம்மானந்தர் திறந்துவைத்தார்.

அது பையன்களுக்கான இடம். பெண் குழந்தைகளின் நிலைமை வேறு. பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் தாலியறுத்த சிறுமிக்கு வீடு இருந்தது; ஆனால் அந்த வீட்டின் பின்கட்டைத் தாண்டி வர வழியில்லை. தானும் சிறு வயதிலேயே விதவையான ஆர். எஸ். சுப்பலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே நான்கு சிறுமிகளோடு எழும்பூரில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டவர் அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை. கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ் பிறகு இந்த இல்லத்துக்குக் கிடைத்தது. அமெரிக்கப் பனிக்கட்டி வைக்கக் கட்டிய கட்டடத்தில் சிறுமிகள் பாடம் படித்தார்கள். பெற்றோர் பயந்து பிள்ளையைத் திரும்ப அழைத்துப் போய்விடாமல் இருக்க, ஆசாரங்களில் அவர் கை வைக்கவில்லை. இல்லம் பிராமணச் சிறுமிகளுக்கு மட்டும் என்ற வரையறையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். அன்றைக்கு அது விவேகமான முடிவாக இருந்திருக்கலாம். விளைவு என்னவோ மற்றச் சாதிச் சிறுமிகளுக்கு மூடிய கதவுதான்.

தெற்கே இன்னொரு வகைப் பெண் குழந்தைகள் இருந்தார்கள். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் திருநெல்வேலிக் கிராமங்களில் மதப்பிரசாரம் செய்துவந்தவர். 1901 மார்ச்சில், கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி, பண்ணைவிளையில் தங்கியிருந்த அவரிடம் வந்து சேர்ந்தாள். அதன்பின் அவருடைய வேலையே மாறிவிட்டது. களக்காட்டை அடுத்த டோனாவூரில் நிலையாக அமர்ந்தார். 1904 முதல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. தாய்ப்பால் இல்லாத சிசுக்களை வளர்க்கும் பக்குவம் கைவருவதற்குள் பல குழந்தைகள் இறந்தன. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள்.

டோனாவூரின் அமைப்பு அதுவரை இருந்த விடுதிகளிலிருந்து வேறுபட்டது. நீண்ட கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கவைக்காமல், சிறுசிறு வீடுகளில் சில குழந்தைகளுக்கு ஒரு பெண் என்று வைத்து வளர்த்தார்கள். கார்மைக்கேலைப் பிள்ளைகள் அம்மா என்றார்கள். உள்ளூர்ப் பெண் ஊழியர்கள் அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. எல்லாம் திருநெல்வேலிப் பேச்சிலிருந்து எடுத்த முறைகள். ஊழியர் யாருக்கும் சம்பளம் கிடையாது. யாரிடமும் நன்கொடை கேட்பதும் கிடையாது. வெளிநாட்டுப் பெண்களும் சேலைதான் கட்டினார்கள். இரண்டு மாதம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. வருகிறவர்கள் வாழ்நாள் முழுக்கத் தங்கும் எண்ணத்தோடு வர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட கார்மைக்கேல் அதன்பின் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே இறந்தார்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. குழந்தைகள் பிறந்த குடும்பத்தோடு தொடர்பு அற்றுப்போய்க் கிறிஸ்தவர்களாக வளர்ந்தார்கள். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சிறுமியைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு நிறைவேறுவதற்குள் சிறுமி ரகசியமாக நாட்டைவிட்டே அனுப்பப்பட்டாள். குழந்தையைக் காப்பாற்றியதாக ஒரு தரப்பும், கடத்தியதாக மறு தரப்பும் சொல்லக்கூடிய நிகழ்ச்சி இது. குழந்தை எங்கே வளர வேண்டும் என்பதைத் தொண்டு செய்கிறவர் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு பிறகு சட்டத்திடம் போனது.

1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர் குழந்தை என்று வரையறுத்து, அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகளுக்கு அனுப்ப அது வழி செய்தது. குற்றம் செய்யாத, ஆதரவற்ற பிள்ளையும் முதல்முறையாக அதன் வரம்புக்குள் வந்தது. ஆனால் இரண்டு பிள்ளைகளையும் ஒரே நீதிமன்றப் படிக்கட்டில் ஏறவைத்த குறையும் அந்தச் சட்டத்தில் இருந்தது.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் சில கதவுகள் மூடியே கிடந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அந்தப் பிறப்பைக் காட்டிப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் தன்னைச் சேர்க்க எதிர்ப்பு வந்ததை அவர் அனுபவித்திருந்தார். சென்னைச் சட்டமன்றத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அவர் போராடியதால் அவர் பெயர் அந்தக் குடும்பங்களில் பரவியிருந்தது. 1930-ஐ ஒட்டி, அந்த வாழ்க்கை வேண்டாம் என்று வெளியேறிய சிறுமிகள் சிலர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நகரத்து மாணவியர் விடுதிகளில் அவர்களுக்கு இடம் தேடினார். பிறந்த குலத்தைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். அப்படியானால் தன் வீடே விடுதி என்று வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் பிறந்தது இப்படித்தான். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. சாதி பார்க்காமல் எல்லாப் பெண் குழந்தைகளையும் சேர்த்தது; பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் அதனுடன் வளர்ந்தன.

சட்டமன்றப் பேச்சைவிட இந்த இல்லம் முக்கியமானது என்று சொல்ல இடமுண்டு. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் முழுமையாக நிறைவேறியது. அதற்குப் பதினாறு பதினேழு ஆண்டுகள் முன்பே, அந்த வழக்கத்திலிருந்து வெளியேறுகிற சிறுமி அன்று இரவு எங்கே படுப்பாள் என்ற கேள்விக்கு இல்லம் விடை சொல்லிவிட்டது. தடை மட்டும் போட்டால் பெண்கள் தெருவுக்கு வருவார்கள் என்று வாதாடியவர்களுக்கும் அதுவே பதில்.

விடுதலைக்கு முன்பின்னாகச் சென்னையில் தொண்டு ஒரு தனி நிர்வாகமாகவே உருப்பெற்றது. 1923-இல் ஏற்பட்ட கில்ட் ஆஃப் சர்வீஸ் அமைப்பு, தொடக்கத்தில் ஐரோப்பியப் பெண்கள் மிகுந்த சங்கம். மேரி கிளப்வாலா ஜாதவ் அதன் கௌரவச் செயலாளராக வந்தபின் அதன் முகம் மாறியது. ஊட்டியில் பார்சி குடும்பத்தில் பிறந்து, 1935-இல் கணவரை இழந்த அவர், மிச்ச வாழ்நாளைக் கமிட்டிகளிலும் குழந்தைகள் இல்லங்களிலும் கழித்தார். ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்குமான சேவா சமாஜம் இல்லங்களும், அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்கான பால விஹாரும் அந்த அமைப்பின் கிளைகள். காங்கிரஸ்காரர்களும் இதே காலத்தில் இறங்கினார்கள். 1949-இல் காமராஜர் துணையோடு எஸ். மஞ்சுபாஷிணி தியாகராய நகரில் பால மந்திரைத் தொடங்கினார்.

நல்ல மனம் மட்டும் போதாது என்று தொண்டர்களே உணர்ந்ததன் அடையாளம் சென்னைச் சமூகப் பணிப் பள்ளி. மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் 1952-இல் அது ஏற்பட்டது. குழந்தையிடம் எப்படிப் பேசுவது, வீட்டு நிலவரத்தை எப்படி விசாரிப்பது, பதிவேட்டில் எதை எழுதுவது என்பவை பாடங்களாயின. கார் வைத்திருந்த சீமாட்டிகள் வாரம் ஒருமுறை வந்து பார்த்துப்போன இடத்தில் சம்பளம் வாங்கும் சமூகப் பணியாளர் வந்து உட்கார்ந்தார். 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம் தொண்டு அமைப்புகளுக்கு மானியம் தரத் தொடங்கியது. மானியம் வந்தால் தணிக்கையும் வரும். கௌரவச் செயலாளர்கள் ஆய்வாளருக்குக் கணக்குக் காட்டப் பழகினார்கள். 1960-இல் அநாதை இல்லங்களைக் கண்காணிக்கும் மத்தியச் சட்டமும் வந்தது. பெயரளவுக்கு என்பதைத் தாண்டி அது பெரிதாகச் செயல்பட்டதாகச் சொல்ல முடியாது.

பொதுமக்களின் தொண்டு இதற்கெல்லாம் வெளியே தன் வழியில் வளர்ந்தது. பிறந்த நாள், கல்யாண நாள், இறந்தவரின் திதி ஆகியவற்றில் குழந்தைகள் இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுவது தமிழ்நாட்டு ஊர்களில் வேரூன்றிய வழக்கம். கோயில் அன்னதானத்தின் நீட்சி இது. காலைச் சிற்றுண்டிக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று இல்லங்கள் விலைப்பட்டியலே வைத்திருக்கும். இந்தப் பணம் இல்லாமல் பல இல்லங்களில் அடுப்பு எரியாது. ஆனாலும் தருமத்தின் கூச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை இந்த வழக்கத்தில்தான் துல்லியமாகப் பார்க்கலாம். நன்கொடையாளர் வரும்வரை இலைக்கு முன் பிள்ளைகள் காத்திருப்பார்கள். முகம் தெரியாத ஒருவருக்காகக் கைகூப்பிப் பிரார்த்தனை செய்வார்கள், வாழ்த்துப் பாடுவார்கள், படத்துக்கு நிற்பார்கள். நல்ல நாளில் இரண்டு மூன்று குடும்பங்கள் வந்தால் அதே பாட்டை இரண்டு மூன்று முறை பாட வேண்டும். தன்னுடைய பிறந்த நாளே தெரியாத பிள்ளை மாதத்துக்குப் பத்து பேருக்கு வாழ்த்துச் சொல்லும். விவரம் தெரிந்த இல்லங்கள் இதைத் தாமாகவே மாற்றிக்கொண்டன. வந்தவரையும் பந்தியில் உட்காரவைப்பது, சாப்பாட்டுக்குப் பதிலாகச் சோப்பும் நோட்டும் கேட்பது, வாரம் தவறாமல் வந்து கணக்குச் சொல்லித்தர ஆள் கேட்பது என்பவை அந்த மாற்றங்கள். கடைசியாகச் சொன்னதற்குத்தான் ஆள் கிடைப்பது அரிது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையும் படத்தையும் ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்திருக்கிறது. பிள்ளைகளைப் படம் பிடித்துப் பரப்பும் பழக்கத்துக்கு அது ஓரளவு கடிவாளம் போட்டது.

அந்தச் சட்டத்தையும் சேர்த்து, கண்காணிப்பு கடுமையானதற்குத் தமிழ்நாட்டு இல்லங்களின் கறைகளும் காரணம். மாமல்லபுரத்து இல்லங்களில் குழந்தைகள் சீரழிக்கப்படுவதாக வந்த பத்திரிகைக் கட்டுரையை அடிப்படையாக வைத்து 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தொடங்கியது. தமிழ்நாட்டின் அநாதை இல்லங்களைப் பெயரிலேயே கொண்ட அந்த வழக்கு பத்து ஆண்டு நடந்து, 2017 மே 5-இல் நாடு முழுவதற்குமான தீர்ப்பாக முடிந்தது. எல்லா இல்லங்களும் பதிவு பெற வேண்டும், ஆய்வுக்கு உட்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தொண்டர் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம் என்ற காலம் சட்டப்படி முடிந்தது.

அரசு இதற்குள் நேரடியாகவும் இறங்கியிருந்தது. பெண் சிசுக்கொலை செய்திகளைத் தொடர்ந்து 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்பது அதன் ஏற்பாடு. கைவிடுவதை எளிதாக்குகிறது என்ற கண்டனமும், உயிர்கள் பிழைத்தன என்ற ஆதரவும் இன்றுவரை அதைச் சுற்றி நிற்கின்றன. 2004 டிசம்பர் 26-இன் சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு இல்லங்கள் திறந்தது. தத்தெடுத்துச் செல்ல வெளியூர்களிலிருந்து கோரிக்கைகள் குவிந்தபோதும், பிள்ளைகளைச் சொந்தக் கடற்கரைக்கு அருகிலேயே, அத்தையும் தாத்தாவும் வந்து பார்க்கக்கூடிய தூரத்தில் வைப்பது என்று முடிவானது. கார்மைக்கேல் காலத்து அணுகுமுறைக்கு இது நேர் எதிர்த் திசை.

2021-இல் கொரோனா பெற்றோர் இருவரையும் கொண்டுபோன குழந்தைகளின் பெயரில் மாநில அரசு ஐந்து லட்ச ரூபாய் வைப்புத்தொகை போட்டது. உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 3,000 ரூபாய் என்றும் அறிவித்தது. இல்லத்துக்குப் போன பணம் இப்போது மாமா வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கும் போகத் தொடங்கியிருக்கிறது. இல்லம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. இல்லத்திலேயே வளர்ந்து பதினெட்டைத் தொட்ட பிள்ளைக்கு இருபத்தொரு வயதுவரை பின்பராமரிப்பு உண்டு என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கல்லூரிக் கட்டணம், வாடகை அறைக்கு முன்பணம், வேலை விண்ணப்பத்தில் எழுத ஒரு நிரந்தர முகவரி ஆகியவை அந்த வயதின் தேவைகள். பிறந்தநாள் சாப்பாட்டு ஏடுகளில் இவற்றுக்குப் பத்தி கிடையாது.